மௌன அஞ்சலை

போன வாரம் ஒரு போன் வந்துச்சு. நான் வேலை பாத்த ஸ்டேடியத்துல இப்ப மைக் பிடிக்கிறவர் பேசினார். "சார், நாளைக்கு மேட்சுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி வைக்கச் சொல்லியிருக்காங்க. எத்தனை செகண்டு வைக்கணும்?"

போனைக் காதுலேருந்து எடுத்து ஒரு தடவை பாத்துட்டு மறுபடி வச்சேன். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை செகண்டுன்னு கேக்கறதுக்கு ஒரு போனா? "அறுபது"ன்னேன்.

"இல்ல சார், இப்பல்லாம் இருபது, இருபத்தஞ்சுலயே முடிச்சுடறாங்க. அதுக்கு மேல போனா ஜனம் நெளியுது. அப்புறம் பின்னாடி சோகமா ஒரு வயலின் மியூசிக் போட்டுவிடச் சொல்றாங்க. போடலாமா?"

மௌனத்துக்கு மியூசிக்! தலையில அடிச்சுக்கிட்டேன். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். "கோச்சுக்காதீங்க சார், இதுல நீங்கதான் எக்ஸ்பர்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படிச் செய்யணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்களேன்"ன்னார். எக்ஸ்பர்ட்டாம்! ஜனங்களை ஒரு நிமிஷம் வாய மூட வைக்கறதுல எக்ஸ்பர்ட்டுன்னு இந்த உலகத்துல எவனும் கிடையாது. இருந்தாலும் கேட்டுட்டாரேன்னு எழுத உக்காந்தேன். அது ஒரு பேப்பரோட நிக்கல.

நான் ரெட்டியார்பாளையத்துக்காரன். இருபத்திரண்டு வயசுல ஸ்டேடியத்துல மார்க்கரா சேர்ந்தேன். மார்க்கர்னா கிரவுண்டுல சுண்ணாம்புக் கோடு போடறவன். முளை அடிச்சு, நூல் பிடிச்சு, கோணல் இல்லாம கோடு இழுக்கப் பழகறதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிச்சு, கையெல்லாம் சுண்ணாம்புல வெந்துச்சு. அப்புறம் நெட் கட்டறது, கார்னர் கொடி, டிரெஸ்ஸிங் ரூம் சாவின்னு ஒண்ணொண்ணா தலையில வந்து விழுந்துச்சு. மைக்ல பேசிக்கிட்டிருந்தவருக்குத் தொண்டையில ஆபரேஷன்னதும், "உன் குரல் கணீர்னு இருக்கே"ன்னு மைக்கையும் என்கிட்டயே குடுத்துட்டாங்க. அதோட போச்சு என் நிம்மதி.

ஃபுட்பால் டோர்னமென்ட் நடக்கற நாள்ல எனக்கு மேலதிகாரி சங்கத்துச் செயலாளர்தான். பேரு ஜில்பேர். நாங்க முசியேன்னுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம். பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு, பென்ஷனோட ஊருக்குத் திரும்பினவர். இந்த மாதிரி பழைய சிப்பாயை "சொல்தா"ன்னு இங்க சொல்வாங்களே, அந்த ஆளு. வருஷா வருஷம் மெடலெல்லாம் குத்திக்கிட்டு பீச்சுல போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னாடி விறைப்பா நிப்பாங்க பாருங்க, அந்த வரிசையில மூணாவதோ நாலாவதோ இவர் இருப்பார். யாரையும் நீ, வா, போன்னு பேச மாட்டார். கிரவுண்டுல படுத்திருக்கற நாயைக்கூட "எழுந்திருங்க"ன்னுதான் சொல்வார். கத்தவும் மாட்டார். கத்தினாலாவது நாமளும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டு ஆத்திக்கலாம். அவர் மெதுவா, பல்லுக்கு நடுவுலேருந்து பேசுவார். அதைத்தான் தாங்க முடியாது.

அவருக்கு மௌன அஞ்சலின்னா சாமி கும்பிடற மாதிரி. யாராவது பழைய ஆட்டக்காரர் இறந்துட்டா, பேரை ஒரு சீட்டுல எழுதி என்கிட்ட குடுத்து, ரெண்டு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். இன்ஷியல் தப்பா வந்துச்சுன்னா மூணாவது தடவை. அப்புறம் ரெண்டு டீமும் நடு வட்டத்தைச் சுத்தி நிக்கணும். முதல்ல "அனைவரும் எழுந்து நிற்கவும்"னு மட்டும்தான் நான் சொல்லணும். உடனே அடுத்த வார்த்தை வரக்கூடாது. கேலரியில பலகை எல்லாம் தடதடன்னு அடங்கற வரைக்கும் காத்திருக்கணும். அதுக்கு அப்புறம்தான் மத்தது. சொல்லி முடிச்சதும் மைக்கை ஆஃப் பண்ணணும். இல்லேன்னா அது ஒரு பக்கம் கொய்ங்குன்னு இழுத்துக்கிட்டிருக்கும். தண்ணி மோட்டார் ஓடக்கூடாது. டீக்காரர் கேட்டுக்கு வெளிய போயிடணும். ரெஃப்ரி ஒரு சின்ன விசில் ஊதுவார், முசியே ஒரு கையைத் தூக்கிக்கிட்டு ஸ்டாப்வாட்சை அமுக்குவார். அறுபது ஆனதும் கையைக் கீழ விடுவார், ரெஃப்ரி நீளமா ஒரு விசில். அவ்வளவுதான். கேக்க எவ்வளவு சுலபமா இருக்கு!

ஆனா அவருக்கு ஒரு சட்டம் இருந்துச்சு. நடுவுல எவனாவது சத்தம் போட்டா அந்த நிமிஷம் செல்லாது. மறுபடி சைபர்லேருந்து. பஸ் ஹாரன், கோயில் மணி எல்லாம் கணக்குல வராது. காம்பவுண்டு சுவத்துக்கு உள்ளேருந்து சத்தம் வந்தா மட்டும் வாட்சை நிறுத்திட்டு என் பக்கம் திரும்பி, "ரெக்கொமான்ஸ்"ம்பார். மறுபடி ஆரம்பின்னு அர்த்தம். நான் மறுபடி மைக்கைப் போட்டு, "அனைவரும் எழுந்து நிற்கவும்"னு ஆரம்பிக்கணும். ஏற்கனவே நின்னுக்கிட்டுதான்யா இருக்கோம்னு கேலரியிலேருந்து எவனாவது கத்துவான். அதுவும் சத்தம்தானே? மறுபடி ரெக்கொமான்ஸ்.

இந்த ஜனங்களைப் பத்தி என்ன சொல்றது. நம்ம ஊர்ல மைக்ல ஒரு பேரைச் சொன்னாப் போதும், யாரு என்னன்னு பாக்காம கை தட்டிடுவாங்க. "மறைந்த முன்னாள் கேப்டன்"னு சொல்லி நான் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள படபடன்னு கைதட்டல், விசில். ஏதோ அவர் மேடைக்கு வந்து சால்வை வாங்கிக்கப் போற மாதிரி! அதுக்காகவே நான் பேரைக் கடைசியில சொல்லாம முன்னாடியே சொல்லிப் பாத்தேன். அதுக்கும் தட்டினாங்க. துக்கமான குரல்ல சொல்லிப் பாத்தேன். "மைக் சரியில்ல, சத்தமாச் சொல்லுப்பா"ன்னாங்க.

கை தட்டறவனைக்கூட மன்னிச்சுடலாம். லேட்டா வர்றவன் இருக்கானே, அவன்தான் பெரிய தொல்லை. மொத்த ஸ்டேடியமும் தலையைக் குனிஞ்சு நிக்கும். நாப்பது செகண்டு ஓடியிருக்கும். இவன் சுண்டல் பொட்டலத்தோட படியேறி வந்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "யாருப்பா செத்தது?"ம்பான். அவனுக்குப் பதில் சொல்லாம விடுவாங்களா? நாலு பேர் சொல்வாங்க. அதுல ஒருத்தன் தப்பாச் சொல்வான். அந்த ஆளோட சொந்தக்காரன் எவனாவது அங்கேயே இருந்து, "யோவ், எங்க மாமா இப்பதான்யா வீட்ல சாப்புட்டுட்டு இருக்காரு"ன்னு சண்டைக்கு வருவான். ஒரு தடவை நிஜமாவே இப்படி நடந்துச்சு. நான் கற்பனை பண்ணிச் சொல்லல.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் இது விளையாட்டாவே ஆயிடுச்சு. ரெக்கொமான்ஸ்ங்கற வார்த்தையைக் கேலரி கத்துக்கிச்சு. தட்டாஞ்சாவடி கம்பெனிப் பசங்க டீம் ஆடற அன்னைக்கு, ஷிஃப்ட் முடிச்சுட்டு ஒரு கூட்டம் வந்து உக்காரும். அம்பது செகண்டு வரைக்கும் நல்ல பிள்ளையா நிப்பானுங்க. அம்பத்தஞ்சுல ஒருத்தன் சின்னதா ஒரு விசில். உடனே மொத்தக் கூட்டமும் கோரஸா, "ரெக்கொமான்ஸ்!" முசியே முகம் செவந்து போகும். ஆனாலும் விட மாட்டார். ஒரு தடவை நாலு தரம் ஆரம்பிச்சோம். ரெண்டாவது பாதி முடியறதுக்குள்ள இருட்டிப் போய், பந்தே தெரியாம ஆட்டத்தை நிறுத்தினாங்க. தோத்த டீம்காரங்க எழுதிக் குடுத்த புகார்ல காரணம்னு போட்டிருந்தாங்க: "அதிகப்படியான மௌன அஞ்சலி."

"விட்டுடலாமே முசியே, ஒரு முப்பது செகண்டுல முடிச்சுக்கலாமே"ன்னு நான் சொல்லிப் பாத்தேன். அவர் என்னைப் பாத்து, "செத்தவர் பாதிதான் செத்தாரா?"ன்னு கேட்டார். அன்னைக்கு மனசுக்குள்ள ஒரு வீம்பு வந்துடுச்சு. ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு தடவையாவது, ரெக்கொமான்ஸ் இல்லாம, முழுசா அறுபது செகண்டு இந்த கிரவுண்டை அடக்கிக் காட்டணும்னு.

அந்தக் கேலரியிலேயே எனக்கு ரொம்பத் தலைவலியா இருந்தது ஒரு பொம்பளை. பேரு அஞ்சலை. வடக்குப் பக்கம் ஒரு குப்பத்துலேருந்து வரும். காலையில மார்க்கெட்டுல மீன் வித்துட்டு, சாயங்காலம் கூடையைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்துக்கிட்டு மேட்ச் பாக்கும், கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி. அதோட தம்பி கலையரசன் குப்பத்து டீமுக்கு கோல்கீப்பர். அப்பா அம்மா இல்ல, அக்காதான் வளத்துச்சு. அவன் எந்தப் பக்கம் கோல்ல நிக்கறானோ அந்தப் பக்கம் அது கூடையைத் தூக்கிக்கிட்டுப் போயிடும். ஹாஃப் டைம் ஆனா அந்தக் கோடிக்கு நடை.

அந்தக் குரல் இருக்கே! மீன் கூவி வித்த குரல். "கலே! பந்து லெப்ட்ல வருதுடா! முன்ன போவாத! போவாதன்றன்ல!" கிரவுண்டு முழுக்கக் கேக்கும். ஸ்கோர் சொல்ல நான் மைக்கைப் போட்டா என் குரலே எனக்குக் கேக்காது. ஒரு நாள் பொறுக்க முடியாம போய், "ஏம்மா, கொஞ்சம் மெதுவாத்தான் பேசேன். ரெஃப்ரி விசிலே கேக்கலங்கறார்"ன்னேன்.

"என் தம்பிய நான் கூப்புடறன். உனக்கு இன்னா சார் வலிக்குது?"ன்னுச்சு.

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அதுக்கப்புறம் எப்ப நான் மைக்ல "மௌன அஞ்சலி"ன்னாலும், கேலரியிலேருந்து ஒருத்தன், "மௌன அஞ்சலையா? நடக்கற காரியமா சொல்லுங்க சார்!"ம்பான். அதுக்கும் ரெக்கொமான்ஸ்தான். அஞ்சலையே விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒரு மழைக்கால முடிவுல கலையரசன் போன படகு முகத்துவாரத்துல கவுந்துடுச்சு. கூடப் போனவங்க நீந்திக் கரை சேர்ந்துட்டாங்க. அவன் சேரல. மூணு நாள் தேடினாங்க. உடம்பு கிடைக்கல.

பத்தாவது நாள் குப்பத்து டீமுக்கு மேட்ச். தள்ளி வைக்கலாமான்னு முசியே கேட்டனுப்பினார். ஆடறோம்னாங்க. அன்னைக்கு மத்தியானமே டீம் கேப்டன் வந்து, நான் நெட் கட்டிக்கிட்டிருந்த எடத்துல நின்னான். சண்டைன்னா முதல் ஆளா நிக்கறவன். அன்னைக்குக் குரல் உள்ள போயிருந்துச்சு.

"சார், அஞ்சல அக்காவைக் கூட்டிட்டு வரோம். நடு லைன்கிட்ட ஒரு சேர் போட்டுக் குடுங்க."

"போட்டுடறேன்பா. எப்படி இருக்கு?"

"இன்னும் அழல சார்."

எனக்குப் புரியல. நிமிந்து பாத்தேன்.

"பத்து நாளாச்சு. ஒரு சொட்டு அழல. உடம்பு வந்திருந்தா மேல விழுந்து அழுதிருக்கும். மோளம் அடிச்சு எடுத்துட்டுப் போயிருப்போம். எதுவும் இல்ல. அப்படியே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. சோறு எறங்கல. பொம்பளைங்க சுத்தி உக்காந்து எவ்ளோ அழுதும் அதுக்கு வரல. பயமா இருக்கு சார். இங்க வந்து கோல் போஸ்ட்டப் பாத்தா உடைஞ்சு அழுதுடும்னுதான் கூட்டிட்டு வரோம்."

"நல்லாச் செஞ்சீங்க. அழுதுட்டா சரியாப் போயிடும்"னு நான்தான் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன்.

சாயங்காலம் கேலரி நிறைஞ்சுடுச்சு. அஞ்சலையை ரெண்டு பொம்பளைங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, என் மைக் மேசைக்கு நாலு எட்டு தள்ளி சேர்ல உக்கார வச்சாங்க. கூடை இல்லாம அதை அப்பதான் முதல் தடவை பாக்கறேன். என்னைப் பாத்துச்சு, அடையாளம் தெரிஞ்ச மாதிரியே இல்ல. தெற்கு கோல் போஸ்ட்டுல அவனோட கிளவுஸ் ரெண்டையும் பசங்க தொங்க விட்டிருந்தாங்க.

முசியே சீட்டைக் குடுத்தார். ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். எழுந்து நிற்கவும்னேன். பலகை அடங்கற வரைக்கும் காத்திருந்தேன். பேரைச் சொன்னேன். கைதட்டல் இல்ல. எனக்கே ஆச்சரியம். மைக்கை ஆஃப் பண்ணேன். சின்ன விசில்.

முப்பது செகண்டு இருக்கும். எல்லார் கையிலயும் செல்போன் வந்த புதுசு. மேற்கு கேலரியில ஒருத்தன் சட்டைப் பையிலேருந்து சினிமாப் பாட்டு, அதுவும் குத்துப் பாட்டு, டம்டம்னு கிளம்புச்சு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. இன்னைக்குக் கூடவாடா! அவன் தடுமாறி அமுக்கறான், அது நிக்க மாட்டேங்குது. முசியே வாட்சை நிறுத்திட்டு என் பக்கம் திரும்பினார். வாயைத் தொறந்து சொல்லக்கூட இல்ல. தலையை மட்டும் ஆட்டினார்.

மறுபடி மைக்கைப் போட்டு, மறுபடி முதல்லேருந்து சொன்னேன். யாரும் கிண்டல் பண்ணல. மறுபடி சின்ன விசில்.

இந்தத் தடவை அப்படி ஒரு அமைதி. இத்தனை வருஷத்துல நான் பாத்ததே இல்ல. கொடிக் கம்பத்துல கயிறு தட்டறது கேக்குது. தட்டாஞ்சாவடிப் பசங்கள்ல ஒருத்தன்கூட அசையல. என் கையில இருக்கற வாட்சைப் பாக்கறேன். பத்து. பதினஞ்சு. இருபது. இன்னைக்கு நடந்துடும்டான்னு மனசுக்குள்ள சொல்லிக்கறேன். இருபத்தஞ்சு.

அப்ப என் பக்கத்துலேருந்து ஒரு சத்தம். முதல்ல தொண்டையில ஏதோ சிக்கினவங்க செருமற மாதிரி. அப்புறம் "யப்பா..."ன்னு ஒரு இழுப்பு. "யப்பா... கலே..."

அஞ்சலை கோல் போஸ்ட்டைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. உதடு ரெண்டும் கோணிப் போய், கண்ணு ரெண்டும் நிறைஞ்சு, மாருல கையை ஓங்கி வைக்கப் போகுது.

எனக்கு என்ன தோணியிருக்கணும்? மத்தியானம் கேப்டன் சொன்னது தோணியிருக்கணும். எனக்குத் தோணினது என்ன தெரியுமா? காம்பவுண்டுக்கு உள்ள. இது காம்பவுண்டுக்கு உள்ளேருந்து வர்ற சத்தம். போச்சு, மறுபடி சைபர். அதுதான் தோணிச்சு. நாலே எட்டு. குனிஞ்சு, உதட்டுல விரலை வச்சு, "உஷ்! இன்னும் அரை நிமிஷம்தாம்மா. பொறுத்துக்க"ன்னேன்.

அது என்னை நிமிந்து பாத்துச்சு. இத்தனை வருஷம் நான் எத்தனை தடவை குரலை அடக்கச் சொல்லியிருப்பேன், ஒரு தடவை கேட்டிருக்குமா? பதிலுக்கு நாலு வார்த்தை குடுக்காம விட்டதில்ல. அன்னைக்கு ஒரு வார்த்தை பேசல. சரின்னு தலையை ஆட்டிச்சு. முந்தானையைச் சுருட்டி வாயில வச்சு பல்லால கடிச்சுக்கிச்சு. தோளு ரெண்டும் குலுங்குச்சு. அப்புறம் அதுவும் நின்னுடுச்சு.

அம்பது. அம்பத்தஞ்சு. அறுபது. முசியே கையைக் கீழ விட்டார். நீள விசில்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பெருமையா இருந்துச்சு. மேசைக்கு வந்து உக்காந்து தண்ணி குடிச்சேன். ஆட்டம் ஆரம்பிச்சுது, மோளம் அடிச்சாங்க, கேலரி பழையபடி கத்துச்சு. முசியே என்னைத் தேடிக்கிட்டு வந்தார். ஒரு நல்ல வார்த்தை சொல்லுவார்னு எழுந்து நின்னேன்.

"உங்களை யார் போகச் சொன்னது?"

"சத்தம் வந்துச்சே முசியே. நீங்க மறுபடி ஆரம்பிச்சுடுவீங்கன்னுதான்..."

"அது சத்தமா?"ன்னார். அவ்வளவுதான். திரும்பிப் போயிட்டார்.

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. தும்மினதுக்கெல்லாம் வாட்சை நிறுத்தின மனுஷன்! ஒருத்தன் இருமினா மறுபடி முதல்லேருந்துன்னு என்னைப் பாடாப் படுத்தின மனுஷன்! இப்ப வந்து எனக்கு நியாயம் சொல்றாரு! இவரு எதைச் சத்தம்னுவாரு, எதை இல்லம்பாருன்னு நான் எங்க போய்க் கேட்டுட்டு வர்றது? உள்ளுக்குள்ள திட்டிக்கிட்டே உக்காந்திருந்தேன். முதல் கோல் விழுந்துச்சு, அறிவிச்சேன். சப்ஸ்டிட்யூட் பேரு வந்துச்சு, அறிவிச்சேன். பக்கத்துல திரும்பிப் பாக்கவே இல்ல. திரும்பறதுக்கு எனக்கு தைரியம் வரலேங்கறது ஹாஃப் டைம் விசில் ஊதினப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

எழுந்து போனேன். அஞ்சலை அதே சேர்ல, அதே மாதிரி உக்காந்திருந்துச்சு. முந்தானை இன்னும் பல்லுக்கு நடுவுலதான் இருக்கு. கூட வந்த பொம்பளைங்க ரெண்டு பேரும் என்னைப் பாத்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

நான் எதுக்க வந்து நின்னதும் முந்தானையை வாயிலேருந்து எடுத்துச்சு. மரியாதையா, மெதுவா கேட்டுச்சு.

"ஆயிடுச்சா சார்? இப்ப அழலாமா?"

"அழும்மா"ன்னேன். "நல்லா அழு தாயி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

கோல் போஸ்ட் பக்கம் திரும்பிச்சு. வாயைத் தொறந்துச்சு. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சு வந்துச்சு. நானும் அந்த ரெண்டு பொம்பளைங்களும் காத்துக்கிட்டு நின்னோம்.

கொஞ்ச நேரம் கழிச்சு வாயை மூடிக்கிச்சு.

"வரல சார்"ன்னுச்சு.